காஜியின் முற்றத்துப் பூனைகள்

எகிப்தில் பல ஆண்டுகள் தங்கி, அந்நாட்டு மக்களின் வாழ்க்கை முறையை 1836-இல் நூலாக வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் வில்லியம் லேன், கெய்ரோவுக்கு வந்த சில நாட்களிலேயே தம்மை வியப்பில் ஆழ்த்திய காட்சி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். தலைமைக் காஜியின் நீதிமன்ற முற்றத்தின் வழியாகப் பிற்பகலில் நடந்து சென்றபோது, அங்கே பெருந்திரளாகப் பூனைகள் கூடியிருந்தன. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் இறைச்சிக் கழிவுகள் முற்றத்துக்குக் கொண்டுவரப்படும். பூனைகள் அழைக்கப்பட்டு உண்ணும். வழக்காட வந்த மக்கள் ஒருபுறம், உணவுக்காக வந்த பூனைகள் மறுபுறம்.

காரணம் விசாரித்த லேனுக்குக் கிடைத்த விடை ஐந்நூறாண்டுக்கும் மேல் பழமையானது. சுல்தான் அல்மலிக் அள்ளாஹிர் பைபர்ஸ், கெய்ரோவுக்கு வடக்கே தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்காக எழுதிவைத்துச் சென்றார் என்றும், அதற்குப் 'பூனைத் தோட்டம்' என்றே பெயர் என்றும் மக்கள் கூறினர். அடிமையாக விற்கப்பட்ட கிப்சாக் துருக்கியச் சிறுவனாகத் தொடங்கி, 1260-இல் ஐன் ஜாலூத் களத்தில் மங்கோலியரை எதிர்த்துப் போரிட்டு, அதே ஆண்டில் அரியணை ஏறியவர் பைபர்ஸ். படையெடுப்புகளுக்காகவே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆதரவற்ற பூனைகளின் பசியையும் அவர் எண்ணிப் பார்த்தார் என்ற செய்தி, அந்தப் போர்களின் பட்டியலில் எங்கோ ஓர் ஓரத்தில் கிடக்கிறது.

ஆனால், லேன் கண்டது அந்த வக்ஃபின் செழிப்பை அன்று, அதன் எச்சத்தை. 'தோட்டம் பாழடைந்துவிட்டது, சீர்செய்யப் பெரும் செலவாகும்' என்று கூறி முத்தவல்லிகள் அதனை விற்றார்கள். வாங்கியவர்கள் மீண்டும் விற்றார்கள். கைமாறிக் கைமாறி, இறுதியில் அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்டர் குத்தகைப் பணம் மட்டுமே பூனைகளின் பெயரில் வந்துகொண்டிருந்தது. மீதிச் செலவு முழுவதும், எல்லா அறக்கட்டளைகளுக்கும் பாதுகாவலர் என்ற முறையில் காஜியின் தலையில் விழுந்தது. முன்னவர்களின் அலட்சியத்துக்குப் பின்னவர் விலை கொடுத்தார். கடைசியில் அந்த உணவும் போதுமானதாக இல்லை. இதனோடு இன்னொரு வழக்கத்தையும் லேன் குறிப்பிடுகிறார்: வீட்டுப் பூனையைத் தொலைக்க விரும்பிய கெய்ரோவாசிகள் பலர், அதனைக் கொண்டுவந்து காஜியின் முற்றத்தில் விட்டுச் சென்றார்களாம். நம் ஊர்ப் பள்ளிவாசல் வளாகங்களிலும் மீன் சந்தைகளிலும் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பவர்களை அறிந்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் உணவளிக்கிறார் என்று தெரிந்துவிட்டால், நம் பொறுப்பை அவர் வாசலில் இறக்கி வைப்பது மனிதர்க்கு எளிதாகிவிடுகிறது.

பைபர்ஸ் இறந்தது ஹிஜ்ரி 676, அதாவது 1277. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வஃபாத்தானதும் அதே ஆண்டில்தான். இருவருக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது. குடிமக்கள்மீது சுமத்தப்பட்ட வரிகளைக் கண்டித்துச் சுல்தானுக்கு மடல் எழுதியவர் இமாமவர்கள். பூனைக்குத் தோட்டம் கொடுத்தவரிடம் மனிதர்களுக்காக வாதாட ஓர் ஆலிம் தேவைப்பட்டார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அந்த இமாமவர்களின் 'மின்ஹாஜ்' நூல்தான், விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தீனி கொடுப்பது விருப்பக் கொடை அன்று, கடமை என்று சட்டமாக்குகிறது. குட்டிக்குத் தீங்கு நேரும் அளவுக்குத் தாயின் பாலைக் கறக்கக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. அவர்களுக்குச் சற்று முன்னர் கெய்ரோவில் வாழ்ந்து 1262-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ இனி ஒரு பயனும் தராது என்ற நிலையை அடைந்த விலங்குக்கும் செலவு செய்வது உரிமையாளர்மீது அவ்விலங்குக்குள்ள உரிமை என்கிறார்கள்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் வேர் மதீனாவில் இருக்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்தாள், அவளும் உணவளிக்கவில்லை, பூமியில் ஊர்வனவற்றைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை, அது இறந்தது, அதன் காரணமாக அவள் நரகம் புகுந்தாள். இந்த ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) நம்மில் அறியாதவர் இல்லை. கிரகணத் தொழுகையின்போது நபி (ஸல்) அவர்களுக்கு இக்காட்சி காட்டப்பட்டதாகவும், அப்பெண்ணை ஒரு பூனை பிறாண்டிக்கொண்டிருந்ததாகவும் அஸ்மா (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. அவள் இறைமறுப்பாளராக இருந்திருக்கலாம், தண்டனை அதற்காகவும் இருக்கலாம் என்றொரு விளக்கத்தை காளீ இயாள் (ரஹ்) முன்வைத்தார்கள். நவவீ (ரஹ்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. அவள் முஸ்லிம்தான், பூனையின் பொருட்டே தண்டிக்கப்பட்டாள் என்பதுதான் ஹதீஸின் வெளிப்படையான பொருள் என்றார்கள். இரண்டாவது கருத்து நமக்கு ஓடி ஒளிய இடம் தருவதில்லை. அதுவே சரியானதாகவும் தோன்றுகிறது.

இந்த ஹதீஸில் பலர் கவனியாது கடக்கும் சொல், கட்டிவைத்தாள் என்பதே. தெருவில் திரிந்த பூனைக்கு உணவளிக்காததற்காக அவள் பிடிக்கப்படவில்லை. அதன் வழியை அடைத்துவிட்டு, அதன் பிறகு உணவளிக்காததற்காகவே பிடிக்கப்பட்டாள். ஆகவே, மழையில் நனைந்த குட்டியைத் தூக்கி வந்து, கதவைச் சாத்தி, ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டு, 'நாம் நன்மை செய்துவிட்டோம்' என்று உறங்கச் செல்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். கதவு சாத்தப்பட்ட அந்த நொடியில் அக்குட்டி அவருடைய பொறுப்பாகிவிட்டது.

தூக்குவதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் பிள்ளைகளை எடுத்து இதைத் துன்புறுத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள் (அபூதாவூத்). தனியே கிடக்கும் பூனைக்குட்டி எல்லாம் அநாதை அன்று. தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டி சூடாகவும் அமைதியாகவும் வயிறு நிறைந்தும் இருந்தால் தொலைவில் நின்று சில மணி நேரம் காத்திருப்பதே முதல் உதவி. குளிர்ந்து, ஓயாமல் கத்திக்கொண்டு, எலும்பு தெரியக் கிடந்தால் மட்டுமே காத்திருக்கலாகாது.

பூனைக்குட்டியின் பெயரையே தம் பெயராகச் சுமந்த நபித்தோழரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 'ஹுரைரா' என்பது 'ஹிர்ரா' என்ற சொல்லின் சிறுமை வடிவம், சின்னஞ்சிறு பூனை. குடும்பத்தின் ஆடுகளை மேய்த்த காலத்தில் தம்மிடம் ஒரு பூனைக்குட்டி இருந்ததென்றும், இரவில் அதனை ஒரு மரத்தில் வைத்துவிட்டுப் பகலில் உடன் கொண்டுசென்று விளையாடியதாகவும், அதனால் இப்பெயர் வந்ததென்றும் அபூஹுரைரா (ரலி) அவர்களே கூறியதாகத் திர்மிதீயில் உள்ளது.

கைபர் போரின் காலத்தில் மதீனா வந்து திண்ணைத் தோழர்களோடு தங்கிய அவர்கள், பசியை நூலில் படித்து அறிந்தவர் அல்லர். வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டதையும், மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்ததையும், கண்டவர்கள் பைத்தியம் என்று எண்ணியதையும், அது பசியன்றி வேறில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்கு ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் பிறகு தமக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் உள்ளம் கலங்கியது. எல்லோரும் குடித்து முடித்தபின் நபி (ஸல்) அவர்கள் அவர்களை அமரச் செய்து, குடிக்கச் சொன்னார்கள். மீண்டும் குடிக்கச் சொன்னார்கள். இனி உள்ளே இறங்க வழியில்லை என்று சொல்லும்வரை விடவில்லை (புகாரி). பூனையைப் பட்டினியிட்ட பெண்ணின் ஹதீஸையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டி மன்னிப்புப் பெற்றவரின் ஹதீஸையும் நமக்குச் சேர்த்தவர்களில் இவர்களும் ஒருவர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

பூனை என்றதும் நம் மேடைகளில் சொல்லப்படும் வேறு சில செய்திகளைச் சலித்துப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. 'பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது' என்ற வாக்கியம் நபிமொழி அன்று; இட்டுக்கட்டப்பட்டது. முல்லா அலீ காரீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனியாக ஒரு சிறுநூல் எழுதியுள்ளார்கள். உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றி நபி (ஸல்) அவர்கள் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதையும், அப்பூனைக்கு 'முஇஸ்ஸா' என்று பெயர் என்பதும் ஹதீஸ் தொகுப்புகளில் இல்லாதவை. 16-ஆம் நூற்றாண்டில் இஸ்தான்பூலில் தூதராக இருந்த புஸ்பெக் இக்கதையை அங்கே கேட்டு எழுதியிருக்கிறார். ஆக, கதை பழையதுதான். சட்டைக் கையை வெட்டிய செய்தி வேறொருவரைப் பற்றியதாக நம் நூல்களில் இருக்கிறது. இராக்கில் வாழ்ந்து 1182-இல் மறைந்த ஷைகு அஹ்மத் அர்ரிஃபாஈ (ரஹ்) அவர்களின் சட்டைக் கையில் ஒரு பூனை உறங்கியது. தொழுகை நேரம் வரவே கையை வெட்டிவிட்டு எழுந்தார்கள். பின்னர் அதனைத் தைத்துக்கொண்டு, எதுவும் மாறிவிடவில்லை என்றார்கள் எனத் தஹபீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்களில் ரிஃபாஈ ராத்திபு ஓதுவோரில் எத்தனை பேர் இதனை அறிவார்களோ! நபியவர்கள்மீது பொய்யாக ஏற்றப்பட்ட ஒரு கதையைவிட, ஷைகவர்களின் கிழிந்த சட்டை நமக்கு மேலானது.

கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் இன்னொரு நிகழ்வு உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் இப்னு பாப்ஷாத், அரசு மடல்களில் மொழிப்பிழை திருத்தும் ஊதியப் பணியில் இருந்தவர். பள்ளிவாசலின் கூரையில் நண்பர்களோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. ஒரு துண்டு கொடுத்தார்கள்; கவ்விக்கொண்டு மறைந்தது; உடனே திரும்பி வந்தது. மீண்டும் கொடுக்க, மீண்டும் மறைந்தது. ஒரு பூனை தனியே இவ்வளவு உண்ணாதே என்று பின்தொடர்ந்தவர்கள், பாழடைந்த ஓரிடத்தில் குருட்டுப் பூனை ஒன்றின் முன்னே அது உணவை வைப்பதைக் கண்டார்கள். இப்னு பாப்ஷாத் பதவியைத் துறந்து இறைவனைச் சார்ந்திருக்கப் புறப்பட்டுவிட்டார் என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். எல்லோரும் அந்தத் துறவைப் போற்றுகிறார்கள். நம் கண்ணுக்கு, இத்தனை முறை கூரைக்கு ஏறி இறங்கிய பூனையே பெரிதாகத் தெரிகிறது.

முன்னோர் கொடுத்தது பெரும்பாலும் கழிவிறைச்சியும் ஈரலும் நுரையீரலும். இஸ்தான்பூல் தெருக்களில் அவற்றைப் பூனைகளுக்கென்றே விற்றவர்கள் இருந்தார்கள். எலியும் பறவையும் வேட்டையாடித் திரியும் வளர்ந்த பூனைக்கு அது மேலதிக உணவு, குறையொன்றும் இல்லை. ஆனால், அறைக்குள் அடைபட்ட மெலிந்த குட்டிக்கு நாம் எதைக் கொடுக்கிறோமோ அதுவே முழு உலகம். இங்கேதான் நல்லெண்ணத்தோடு அறிவும் வேண்டியிருக்கிறது.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். நலமுள்ள குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடிக்கொண்டே போகும். நான்கு வாரத்தில் 400 கிராமைத் தாண்டும். எட்டு வாரத்தில் 800, 900 கிராமை எட்டும். சமையலறைத் தராசு ஒன்று போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் எடை கூடவில்லை என்றாலோ, குறைந்துவிட்டாலோ அது அபாய அறிகுறி. கண்ணால் பார்த்துத் தேறிவிட்டது என்று முடிவு செய்வது ஏமாற்றும். வயிறு மட்டும் பானைபோல் உப்பி முதுகெலும்பு துருத்தி நிற்கும் குட்டியை, 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலும் அது குடற்புழு. தாயின் பால் வழியாகவே குட்டிகளுக்குப் புழு தொற்றும். எடைக்கேற்ற மருந்தளவைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். ஈறுகள் வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சிகள் இரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். அதுவும் உயிரைக் குடிக்கும்.

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பாலூற்றுவதுதான் பலர் செய்வது. அது தவறு. உடல் குளிர்ந்திருக்கையில் செரிமானம் நின்றுவிடும். உள்ளே சென்ற பால் கெட்டுப்போகும், அல்லது மூச்சுக்குழாயில் இறங்கும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்து மெல்லச் சூடேற்றிய பிறகே உணவு. குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாமல், தாயிடம் பால் குடிப்பதுபோல் குப்புற வைத்துப் புகட்ட வேண்டும். 100 கிராம் எடைக்கு ஒருவேளைக்கு நான்கு மில்லிலிட்டர் அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பது கருணை அன்று. சிறிது சிறிதாக, அடிக்கடி.

பசும்பால் இதற்கு ஏற்றதன்று. அதில் புரதம் ஏறத்தாழ 3 விழுக்காடு. பூனையின் பாலில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். பசும்பாலால் வயிற்றுப்போக்கு கண்டு, இருந்த எடையும் குறையும். குட்டிகளுக்கென்று கடைகளில் கிடைக்கும் பால்மாவே உரியது. நான்கு வாரத்துக்குப் பின் மெல்லத் திட உணவு. நாம் அன்போடு பிசைந்து வைக்கும் பால்சோறு வயிற்றை நிரப்பும், சதையை வளர்க்காது. பூனை முற்றிலும் இறைச்சியுண்ணும் படைப்பு. இறைச்சியிலுள்ள டாரின் என்ற சத்து போதாவிட்டால் பூனையின் விழித்திரை அழியும் என்று 1975-இலும், இதயம் தளர்ந்து விரியும் என்று 1987-இலும் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஈரல் சிறிதளவு நல்லது; அதையே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். பச்சை மீனையே தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கும். விருந்து முடிந்ததும் பிரியாணித் தட்டைப் பூனைக்கு வழித்துவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியைத் துணையுணவாகவும், குட்டிகளுக்கென்று சத்துகள் சேர்த்துச் செய்யப்பட்ட உணவை முதன்மையாகவும் கொள்வதே பாதுகாப்பு.

பேணுதல் உள்ளவர்களிடம் எஞ்சும் தயக்கம் தூய்மை பற்றியது. அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூ செய்ய மருமகள் கப்ஷா நீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள் (முவத்தா, அபூதாவூத், திர்மிதீ). ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருக்கையில் வந்திறங்கிய ஹரீஸாவில் ஒரு பூனை வாய்வைக்க, தொழுகை முடித்து அது உண்ட இடத்திலிருந்தே அவர்கள் உண்டார்கள் (அபூதாவூத்). பூனை வாய்வைத்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபீ மத்ஹபில் வேறு நீர் இருக்கையில் அதனைப் பயன்படுத்துவது வெறுக்கத்தக்கது என்ற அளவோடு நிற்கிறது. உதிர்ந்த முடி ஹனஃபீகளிடம் தூய்மையானது. ஷாஃபிஈகளிடம் நஜீஸ் எனினும் சிறிதளவு ஆடையில் ஒட்டியிருப்பது மன்னிக்கப்படும். சிறுநீர் அப்படியன்று. ஏறத்தாழ மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது; ஒவ்வொரு முறை உணவூட்டிய பிறகும் ஈரப் பஞ்சினால் மெல்லத் தடவித் தாய் நக்குவதுபோல் தூண்டிவிட வேண்டும். அது கையிலும் உடையிலும் படவே செய்யும். எனவே, அந்த மூன்று வாரமும் குட்டியைக் கவனிப்பவர் தொழுகைக்கென ஓர் உடையைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது எளிது. இரவு இரண்டு மணிப் பாலுக்கு எழுபவருக்குத் தஹஜ்ஜுதுக்கும் அந்த உடை உதவும்.